நாலு சக்கரத்தில் ஒரு குடித்தனம்

கொருக்குப்பேட்டைவாசிகளுக்குப் பொறுமை பிறவிக் குணம் அன்று. ரெயில்வே கேட்டில் நின்று நின்று சம்பாதித்துக் கொண்டது. ஒரு சரக்கு வண்டி ஊர்ந்து போய் முடிவதற்குள் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்து விடலாம். அந்தக் கேட்டுக்கு அப்பால் நாற்பது வருஷம் குடித்தனம் செய்த நாங்கள், சென்ற மாசியில், அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி சகிதமாக ஒரு வேனில் ஏறிக் கொண்டு கடலோரமாகவே தெற்கே புறப்பட்டோம்.

தெருவார் சிரித்தார்கள். ‘கேரவன்’ என்றால் நம் ஊரில் சினிமா நட்சத்திரங்கள் பவுடர் பூசிக் கொள்ளும் வண்டி என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழவர் கிழவியர் இப்படி வண்டி வீட்டில் கண்டம் முழுவதையும் சுற்றுகிறார்களாம். அவர்களுக்கு ‘நரைத்த நாடோடிகள்’ என்றே பெயர். பக்கத்துக் கேரளத்தில் 2021-ல் இதற்கென்று சர்க்கார் திட்டமே போட்டார்கள். ஆனால் எங்கள் வேன் நட்சத்திர வகை அன்று, வாடகைக்கு எடுத்தது, மேட்டில் ஏறும்போது எங்களைப் போலவே முழங்காலைப் பிடித்துக் கொண்டு முனகும்.

எங்களில் ஒருவர் சரக்கு ரெயிலில் கார்டாக இருந்தவர். (2022-லிருந்து அந்த உத்தியோகத்துக்கு ‘ரெயில் மானேஜர்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சம்பளம் மாறியதாகத் தகவல் இல்லை.) மற்றவர் அந்த முப்பத்தாறு வருஷமும் இரவில் சோற்றுக்கு மூடி போட்டு வைத்துக் காத்திருந்தவர். பாஸ் கிடைத்த புண்ணியத்தில் காசியும் ஹரித்துவாரமும் பார்த்தாயிற்று. கடற்கரையைத்தான் பார்க்கவில்லை. கன்னியாகுமரிக்குப் போகும் ரெயில் விழுப்புரம், திருச்சி, மதுரை என்று உள்நாட்டிலேயே ஓடி, கடைசியில்தான் கடலை எட்டிப் பார்க்கிறது.

புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே கார்டுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. டாக்டர் சீக்கிரம் ஆபரேஷன் செய்து கொள்ளச் சொன்னார். கார்டு அந்தச் சீட்டை மடித்துப் பழைய டைரிக்குள் வைத்துவிட்டு வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். ராத்திரியில் பச்சை எது, சிவப்பு எது என்று பார்த்தே வயிறு வளர்த்தவருக்குக் கண் போய்விட்டது என்று சொல்லிக் கொள்ள வாய் வரவில்லை.

எங்கள் பேட்டையை ஒட்டிக் கறுப்பாக ஓடுகிறதே பக்கிங்காம் கால்வாய், அதுவும் எங்கள் கூடவே வந்தது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்த வழி அது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசித்த ஜனங்களைக் கொண்டு வெட்டினார்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பிரபுவுக்குப் போயிற்று. மரக்காணத்து உப்பளங்களின் அருகே அந்தக் கால்வாய் முடிந்து போகிறது. “நம்ம வீட்டுச் சாக்கடை இவ்வளவு தூரம் வந்து இப்படி வெள்ளையாயிடுச்சே!” என்றார் எங்களில் மற்றவர். அன்றிரவு அங்கேதான் உலை வைத்தோம்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை நின்று கொண்டிருக்கிறது. 1845-ல் அவர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரை விற்கிறவனும் வாங்குகிறவனும் கப்பலில் வந்தவர்கள்; ஊர்க்காரரை யார் கேட்டது? நாகப்பட்டினத்தில் நாங்கள் அதிகம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி அந்த ஒரு ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டு போயிற்று.

நாகையை விட்டு வேதாரண்யம் போகும் சாலையில் பொழுது சாய்ந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் புரை விழுந்த கண்ணில் பூவாணம் போல் சிதறியது. அடுத்த கணம், முன்னால் ஒரு சைக்கிள், அதன்மேல் இரண்டு மூட்டை, ஒரு மனிதர். பிரேக் அலறிற்று. ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. அந்த மனிதர் கோபிக்கவில்லை. “ஐயா, ஒங்க வண்டியில ரெண்டு வெளக்கு எரியுதே, ஒண்ணுகூடவா என்னைக் காட்டிக் குடுக்கல?” என்று கேட்டுவிட்டு மிதித்துக் கொண்டு போய்விட்டார்.

வண்டியை ஓரங்கட்டி வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

“எத்தனை நாளாங்க?”

“ஆறு மாசம்.”

“எனக்கும் ஆறு மாசமாத் தெரியும். சீட்டை டைரியில பார்த்தேன். நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்.”

தெரிந்தும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வந்தது தப்பு என்று அவரே சொன்னார். மறைத்தது அதைவிடத் தப்பு என்று கார்டு சொன்னார். “நான் கேட்டைப் போட்டாச்சு. இனிமே சிக்னல் இல்லாம வண்டி நகராது” என்று சாவி அவர் முந்தானையில் முடிச்சாயிற்று.

காலையில் ஊர்க்காரர் ஒருவர் வேனை ஓட்டிக் கொண்டுவந்து வேதாரண்யத்தில் விட்டார். அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணைப் பார்த்தோம். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜி தொண்டர்களுடன் நடந்தே வந்து உப்பு எடுத்த இடம். அப்போது அவருக்கு வயது 51. தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் பயமுறுத்தியதால், ஜனங்கள் சாதத்தைப் பொட்டலம் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்களாம். வேன் உண்டு, அடுப்பு உண்டு, போதாக்குறைக்கு ஊறுகாயும் உண்டு எங்களுக்கு. எனினும் பாதி வழியில் திரும்பினோம். கன்னியாகுமரி எங்கும் போய்விடாது என்றார் முந்தானையில் சாவி வைத்திருந்தவர். கார்டுக்கு அன்று முழுவதும் முகம் தொங்கித்தான் இருந்தது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து தங்கை மகன் வந்து வண்டியைச் சென்னைக்கு ஓட்டினான். கொருக்குப்பேட்டை வந்தபோது இரவு மணி பத்து, கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போயிற்று. பழைய பழக்கம், கார்டு உரக்கப் பெட்டிகளை எண்ணினார். கடைசி விளக்கு தாண்டியதும், “ஐம்பத்தேழு” என்றார்.

“ஐம்பத்தெட்டுங்க” என்றார் மற்றவர். “நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நாள் குறிச்சிருக்கேன்.”

கேட் திறந்தது.