தான் எரியாத உப்பு

திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குச் சீரியம் நைட்ரேட் தந்த வெளிச்சம் தெரியும். பெயர் தெரிந்திருக்காது. அந்த விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குச் சரியான கலவையை 1891-இல் கண்டவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். தோரியம் 99 பங்கு, சீரியம் ஒரு பங்கு. இரண்டின் நைட்ரேட் கரைசலில் நூல்வலையை ஊறவைத்து உலர்த்துவார்கள். முதன்முதலில் பற்றவைக்கும்போது நூல் எரிந்துபோகும். நைட்ரேட் சிதைந்து ஆக்சைடாகும். அந்தச் சாம்பல் வலைதான் பந்தல் முழுக்க ஒளிவிட்டது. அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டால் வலை மங்கித்தான் கிடக்கும். இத்தொழிலுக்குத் தேவைப்பட்ட தோரியமும் சீரியமும் அடங்கிய மோனசைட் கனிமம், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார்.

வேதியியல் ஆய்வகத்தில் காலம் கழித்தவன் நான். புதிதாக வரும் பிள்ளைகள் சீரியம் நைட்ரேட்டின் நிறமற்ற படிகத்தைக் காட்டி, "ஐயா, இது தீப்பிடிக்குமா?" என்று கேட்பார்கள். பிடிக்காது. அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. சூடேறினால் இது ஆக்சிஜனையும் நச்சான நைட்ரஜன் ஆக்சைடு புகையையும் விடும். பக்கத்தில் காகிதமோ மரத்தூளோ ஸ்பிரிட்டோ இருந்தால், சிறு நெருப்பும் பெருநெருப்பாகும். சிந்திய கரைசலைச் செய்தித்தாளால் துடைத்துக் குப்பைக்கூடையில் போடுகிற பழக்கத்தை நான் கடிந்துகொண்டதற்கு இதுவே காரணம். ஈரம் இருக்கும்வரை அந்தக் காகிதம் சாதுவாகக் கிடக்கும். உலர்ந்த பின் ஒரு பொறி போதும்.

இந்த உப்பைப் போலவே, தாம் கோபப்படாமல் அடுத்தவர் கோபத்துக்குக் காற்று வீசிக்கொண்டே இருக்கும் மனிதர்களை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருக்கிறேன். சண்டை முடிந்ததும் அவர்கள் கை சுத்தமாக இருக்கும். ஒருவர் தனியாக எப்படி இருக்கிறார் என்பதைவிட, அவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

அதற்காக இந்த உப்பைப் பழிக்க மாட்டேன். தீப்புண்ணுக்கு இதுவே மருந்தாகவும் இருக்கிறது. சில நாடுகளில் சில்வர் சல்ஃபாடயசின் களிம்போடு 2.2 சதவீதம் சீரியம் நைட்ரேட் சேர்த்துப் பெரிய தீக்காயங்களுக்குப் பூசுகிறார்கள். வெந்த தோல் கெட்டியான உறையாகி, உள்ளே கிருமி புகாமல் காக்கிறது. அபூர்வமாக இந்தக் களிம்பே இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும் என்பதால், மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்துவார்கள்.

கையாளுகிறவர்களுக்கு: காற்றின் ஈரத்தை இந்த உப்பு இழுத்துக்கொள்ளும்; புட்டியை இறுக மூடுங்கள். கரிமப் பொருள்கள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு என்பதால் தொட்டியில் கொட்டாமல் கழிவுக் கலனில் சேருங்கள். கண்ணில் தெறித்தால் கடுமையான காயம் ஏற்படும். இமையை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.