பலகையைப் பிடித்துவைக்கிறவர்கள்

திண்டுக்கல் பழனி சாலைப் பக்கம் இருக்கிற அந்தப் பட்டறையில் பூஜை அறைக் கதவு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. தேக்குப் பலகையில் கொடியும் அன்னமும் செதுக்குகிறது கணினிக் கட்டளைப்படி ஓடும் சிஎன்சி ரூட்டர். செதுக்குகிற பிட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிறது. அந்த வேகத்தில் 6 மி.மீ. பிட்டின் விளிம்பு விநாடிக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் ஓடும். பலகை பிடி விட்டால் மரமோ உடைந்த பிட்டோ ஆள்மேல் பாயும்.

இதே ஊரில் பூட்டுத் தொழிலாளி லீவரை வைஸில் இறுக்கி அரத்தால் ராவுகிறார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. பிடி தளர்ந்தால் அரத்தின் வழியாகவே விரலுக்குத் தெரிந்துவிடும், நிறுத்தி இறுக்கிக்கொள்வார். ரூட்டருக்கு அந்த உணர்ச்சி கிடையாது. "பலகை நகந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும் சார்" என்றார் மூத்த ஆபரேட்டர். அதனால்தான் படவேண்டிய கவலையையெல்லாம் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே பட்டுவிடுகிறார்.

பலகையின் மூலையை அழுத்தினார். டக்கென்று ஆடியது, லேசாக வளைந்த மரம். அப்படியே கிளாம்ப் போட்டு நெரித்தால் படிந்துவிடும்தான். ஆனால் கழற்றியதும் பழைய வளைவுக்குத் திரும்பி, செதுக்கிய முகமும் கூடவே வளைந்து நிற்கும். இடைவெளியில் மெல்லிய பிளைவுட் துண்டைச் செருகிவிட்டுத்தான் நட்டைத் திருகினார். கிளாம்பின் பின்முனைக்குக் கொடுத்த கட்டை பலகையைவிட ஒரு நூல் உயரம். போல்ட்டைப் பலகைக்கு நெருக்கமாக வைத்தார். தூரத்தில் வைத்தால் இறுக்கம் முழுக்கப் பின்கட்டைக்கே போய்விடும். பிறகு பிட்டை உயர்த்தி, மரத்தைத் தொடாமல் ஒருமுறை வெறுமனே ஓட்டி, எந்தக் கிளாம்பிலும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் மேசை இருந்தால் இத்தனை பாடு வேண்டாமே என்று கேட்டேன். முழு ஷீட்டுக்குச் சரி என்றார். காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பத்துக்குப் பத்து செ.மீ. துண்டை நூறு கிலோவுக்குமேல் அது அழுத்த முடியாது. நடைமுறையில் அதைவிடவும் குறைவு. அதுவும் கீழ்நோக்கித்தான். பிட் தள்ளுவதோ பக்கவாட்டில்; அதைத் தடுக்க உராய்வு மட்டுமே உண்டு. துண்டைச் சுற்றி வெட்டி முடிக்கையில் வெட்டுவழியே காற்று கசியும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும்.

அதனால் தாமரை போன்ற சின்னத் துண்டுகளைத் தனித்தனியாக வைக்காமல், ஒரே பலகையில் வரிசையாகச் செதுக்குகிறார். விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் முழுக்க வெட்டாமல் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்து, பிறகு உளியால் நறுக்கி உப்புத்தாள் போடுகிறார். இதைப் போய்ப் பட்டன் தட்டுகிற வேலை என்று பேசுவதை என்னால் ஏற்கவே முடியாது.

கிளாம்ப் உட்காரப் பலகையின் இரு ஓரங்களிலும் நான்கு விரல் அகலம் கூடுதலாக விடுகிறார். தேக்கு விற்கிற விலையில், வெட்டி எறிகிற ஓரத்துக்கு நான் ஏன் காசு கொடுக்கணும் என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் உண்டு. "வேணும்னா கூலியக் கொறச்சுக்கிறேன், ஓரத்தக் கொறைக்க மாட்டேண்ணே" என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறாராம்.