பட்டு நூற்காத பட்டுப்பூச்சி

முருங்கையில் மசுக்குட்டி பிடித்தால் எங்கள் வீட்டில் ஓலைச் சூள் கொளுத்தி எரிப்பார்கள். அதைத் தூரத்தில் கண்டாலே எனக்கு உடம்பெல்லாம் கடிக்கத் தொடங்கிவிடும். அப்படிப்பட்ட நான் மசுக்குட்டி தின்னும் ஊரில் பதினொரு வருடம் இருந்தேன் என்றால் என் தங்கைமார் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

1990ஆம் ஆண்டு கணித ஆசிரியையாகப் பொட்சுவானாவுக்குப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் சாம்பியா, நைஜீரியா என்று போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது பிரான்சிஸ்ரவுண் நகரிலிருந்து தள்ளியிருந்த ஒரு கிராமத்துப் பாடசாலை. முதல் வருட முடிவில் சந்தைக்குப் போனபோது, ஒரு பெண் நிலத்தில் சாக்கு விரித்து எதையோ குவித்து வைத்திருந்தார். மோர்மிளகாய் என்று நினைத்துக் கையில் எடுத்தேன். அதற்குக் கால்கள் இருந்தன. போட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை, சிரித்தார்.

அவர் எங்கள் ஆசிரியர் விடுதிக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அங்கே பெண்களை மரியாதையாக 'ம்மா' என்று அழைப்பார்கள். எங்கள் 'அம்மா' போலவே காதில் விழும். நானும் அவரை அப்படியே அழைத்தேன், அவரும் என்னை அப்படியே அழைத்தார். அவருடைய கணவர் ஜொஹனஸ்பேர்க் பக்கம் தங்கச் சுரங்க வேலைக்குப் போனவர். பல வருடமாகக் கடிதமும் இல்லை, காசும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. நான்கு பிள்ளைகள். பள்ளிச் சீருடையும் கொப்பியும் வாங்கியது அந்தப் புழுவை விற்ற காசில்தான்.

அதை அங்கே 'பானே' என்பார்கள். எல்லை தாண்டிச் சிம்பாப்வேக்குப் போனால் 'மடோரா'. மொபானே என்ற மரத்தின் இலையே அதற்கு முக்கிய உணவு. அந்த இலை இரண்டு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலவே இருக்கும். நமீபியா, பொட்சுவானா, சிம்பாப்வே, தென்னாபிரிக்காவின் வடபகுதி, மொசாம்பிக் என்று அந்த மரம் நிற்கும் வரண்ட காடுகளில்தான் இந்தப் பூச்சியும் பெருகும்.

பூச்சியை நான் முதலில் கண்டது விடுதி விறாந்தை விளக்கடியில். மழை தொடங்கிய வாரம். சிறகை விரித்தால் 12 சென்ரிமீற்றர் வரும். கபில நிறம், பின் சிறகில் செம்மஞ்சளாய் இரண்டு பெரிய கண்கள். உயிரியல் படிப்பித்த ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இது பெரிய பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் பட்டு நூற்காது" என்றார். இன்னொன்றும் சொன்னார். சிறகு முளைத்த பிறகு அதனால் எதையும் தின்ன முடியாதாம், அதற்கேற்ற வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்துக்கொண்டு மூன்று நான்கு நாள் உயிரோடிருந்து, சோடி சேர்ந்து, முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அன்று இரவு நான் விளக்கை அணைத்துவிட்டேன். இருக்கிற நாலு நாளையும் என் விறாந்தையில் மோதி வீணாக்குவானேன் என்று.

ஒரு பூச்சி 50 முதல் 200 வரை முட்டையிடும், எல்லாவற்றையும் ஒரே கூட்டமாக. ஏறக்குறைய பத்து நாளில் புழு வெளிவரும். முதலில் கூட்டமாகவே தின்னும், வளர வளரப் பிரிந்து போகும். நான்கு தரம் தோல் கழற்றிய பிறகுதான் முழு வளர்த்தி. அதன்பின் மரத்தை விட்டு இறங்கி, மண்ணைத் துளைத்து உள்ளே போய்க் கூட்டுப்புழுவாகும். பட்டுக்கூடு கிடையாது, மண்தான் கூடு. ஒரு தலைமுறை டிசம்பரை ஒட்டி வரும், மழை நன்றாக இருந்தால் இன்னொன்று ஏப்ரலை ஒட்டி வரும். அந்த ஏப்ரல் புழுக்கள் மண்ணுக்குள் போனால் ஆறேழு மாதம் வெளியே தலைகாட்டா. அடுத்த மழைதான் அவற்றை எழுப்ப வேண்டும்.

சந்தையில் அவரிடம் ஒரு ரின் வாங்கினேன். சமைக்க அல்ல, பிள்ளைகளுக்குப் பாடத்தில் நிறுத்துக் காட்ட. அப்போது நான் விலை பேசி அரைவாசிக்குக் குறைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அளந்து தந்தார். விடுமுறையில் ஒரு நாள் அவரோடு காட்டுக்குப் போன பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

விடியமுன் புறப்பட வேண்டும். வெயில் ஏற முன்னரே பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். புழுவின் உடம்பில் சிறு முட்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து, பின்பக்கத்தை நசித்து, உள்ளிருக்கும் பச்சைக் குழம்பைப் பிதுக்கி எறிய வேண்டும். அரை மணித்தியாலத்தில் என் விரல் நுனிகள் கீறி எரிந்தன. அவருடைய விரல்கள் மரக்கட்டை போலிருந்தன. கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் அவித்து, வெயிலில் பரவிக் காய வைத்து, மழைக்கு அள்ளி, திரும்பப் பரவி... எங்கள் கரையில் கருவாடு போடும் பெண்களின் அதே பாடு. காய்ந்ததில் பாதிக்கு மேல் புரதம். வெங்காயம், தக்காளி போட்டு வதக்கிச் சோளக்களியோடு தின்பார்கள். நானும் தின்றேன். முதல் வாய்தான் கடினம்.

லாபம் பெரிதாகப் போனது லொறிக்காரருக்கு. அவர்கள் வந்து சாக்குக் கணக்கில் வாங்கித் தென்னாபிரிக்காப் பக்கம் கொண்டு போனார்கள். காசு அவசரமானவர்கள் கேட்ட விலைக்கு விட்டார்கள். அவர் மட்டும் பாதியைக் கட்டிலுக்குக் கீழ் வைத்திருந்து, குறைந்த மாதங்களில் ரின் ரின்னாக விற்றார். நல்லாய்க் காய்ந்தது மாதக்கணக்காய் இருக்கும் அல்லவா. அதற்காக அந்த வீட்டில் சில வாரம் வெறுங்களி தின்றதையும் நான் பார்த்திருக்கிறேன்.

காட்டில் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மரத்திலிருந்து இறங்கி மண்ணை நோக்கி ஊரும் புழுவைத் தொடமாட்டார். இறங்கும் புழுவின் வயிறு காலியாக இருக்கும், பிதுக்கும் வேலை குறைவு, ஆகவே மற்றவர்கள் அதைத்தான் முதலில் பொறுக்குவார்கள். "அது விதை" என்று அவர் சொன்னார். அவர் விட்டதை அடுத்த மரத்தடியில் நின்றவர் எடுத்த நாளும் உண்டு. அன்றைக்கு அவர் ஏதோ முணுமுணுத்தார், என்ன என்று நான் கேட்கவில்லை.

1991 முடிவில் மழை பொய்த்தது. 1992 முழுவதும் அந்தப் பிராந்தியத்தையே வாட்டிய பெரும் வரட்சி. மொபானே மரங்கள் வெறுங்கொம்பாய் நின்றன. விறாந்தை விளக்குக்கு ஒரு பூச்சியும் வரவில்லை. அவருடைய மூத்த பெட்டை அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், தாய் பதில் சொல்லவில்லை. அந்த வருடம்தான் எங்கள் வீட்டாரின் கடிதங்களும் மாதக்கணக்கில் பிந்தி வந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் அவருடைய வாசலில் பேசாமல் இருந்த பின்னேரங்கள் பல.

பிறகு மழை வந்தது. அந்த நாட்டில் காசின் பெயரே 'புலா', மழை என்று அர்த்தம். பூச்சிகளும் வந்தன, முன்னரைவிடக் குறைவு. பெட்டை ஒரு வருடம் பிந்தித் திரும்பப் படிக்க வந்தாள். 2000ஆம் ஆண்டு புதிய 5 புலா நாணயம் வெளிவந்தபோது, அதில் மொபானே கிளையும் அதன்மேல் பானேப் புழுவும் பொறித்திருந்தார்கள். நான் அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லாய்க் கொழுத்தது" என்றார்.

2001இல் ஊருக்குத் திரும்பும் முன் கடைசியாக ஒரு ரின் வாங்கினேன். விலை பேசவில்லை. அவர் அளந்து கொட்டி, காசை எண்ணிப் பார்த்துவிட்டு, மேலே இன்னொரு பிடி அள்ளிப் போட்டார்.