நெல்லிக்கனி தந்த நட்பு



'நட்பு' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் பேனா தானாகவே ஓடும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் வருவார்கள். அதியமானும் ஔவையாரும் வருவார்கள். துரியோதனனும் கர்ணனும் தவறாமல் வருவார்கள். ஆறாம் வகுப்பு முதல் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. நட்பு உயர்ந்தது, நட்பு இனியது என்று முடித்தால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த நட்பே சில வேளைகளில் ஆபத்தாகவும் மாறக்கூடும் என்பதை நாங்கள் ஒரு தேர்விலும் எழுதியதில்லை. பள்ளியை விட்டுப் பிரியப்போகும் பன்னிரண்டாம் வகுப்பு விடுதி மாணவியராகிய நாங்கள், அதை இம்மலரில் எழுத விழைகின்றோம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பெட்டியும் படுக்கையுமாய் ஏற்காட்டில் வந்து இறங்கும் சிறுமிக்கு முதலில் தேவைப்படுவது ஒரு தோழி. வீடு கீழே இருக்கிறது. அம்மா கீழே இருக்கிறாள். மழைக்காலத்தில் மூடுபனி இறங்கினால் ஏரி மறையும்; காப்பித் தோட்டங்கள் மறையும்; பக்கத்தில் நிற்பவளின் முகம் மட்டுமே தெரியும். அந்த முகத்தைத்தான் நாம் பற்றிக்கொள்கிறோம். ஊறுகாய்ப் பாட்டில் பொதுவாகிறது, தேங்காயெண்ணெய் பொதுவாகிறது, பிறகு கண்ணீரும் பொதுவாகிறது. இதில் குறை ஏதுமில்லை. இந்த நட்பு இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் முதல் மாதத்திலேயே பேருந்து ஏறியிருப்போம்!

ஆபத்து மெல்ல மெல்லத்தான் வருகிறது. "அவளிடமும் சொல்வேன்" என்பது "அவளிடம் மட்டுமே சொல்வேன்" என்றாகிறது. பிறகு "அவளைத் தவிர எனக்கு யாரும் வேண்டாம்" என்றாகிறது. முடிவில் "அவள் எதைச் செய்தாலும் நானும் செய்வேன்" என்ற இடத்தில் வந்து நிற்கிறது. முதல் படியில் நின்றவளுக்குக் கடைசிப் படி கண்ணில் படுவதேயில்லை.

2017ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாளைத் தமிழகம் மறந்திருக்காது. அன்றைய வேலூர் மாவட்டத்தில், இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள பனப்பாக்கம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்பு படித்த நான்கு மாணவியர் ஒன்றாகவே உயிரை மாய்த்துக்கொண்டனர். படிப்பைப் பற்றி ஆசிரியை கண்டித்துப் பெற்றோரை அழைத்து வரச் சொன்னதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆசிரியையர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். ஆனால் இத்தகைய முடிவுக்கு ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை என்பர் மருத்துவர்கள். மறைந்த அந்தச் சகோதரியரைக் குறை கூறுவதும் எங்கள் நோக்கமன்று. அவர்களுக்கும் எங்கள் வயதுதான். எங்களைப் போலவே சீருடை அணிந்து, எங்களைப் போலவே தேர்வுக்கு அஞ்சியவர்கள்தாம். எங்கள் மனத்தை வாட்டுவது ஒன்றுதான். நால்வரில் ஒருத்தி மட்டும் ஓடிப்போய் யாரேனும் ஒரு பெரியவரின் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தால், நால்வரும் இன்று நம்மிடையே இருந்திருக்கக்கூடும் அல்லவா?

"கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையாரும் உடன் அமர்ந்து உயிர் துறக்கவில்லையா?" என்று ஒரு தோழி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் அவர்கள் பல்லாண்டு வாழ்ந்து முடித்தவர்கள். ஆண்டு பலவாகியும் தமக்கு ஏன் நரை தோன்றவில்லை என்பதைப் பாடியவர் அல்லவா ஆந்தையார்! பதினாறு வயதில் வாழ்க்கை இன்னும் தொடங்கவே இல்லை. அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும், போற்ற வேண்டும், பின்பற்ற வேண்டியதில்லை.

நாம் பின்பற்ற வேண்டிய நட்பு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. நம் சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் ஆண்ட மண். நீண்ட நாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி கிடைத்தபோது அவன் அதைத் தான் உண்ணவில்லை. அதன் பயனைச் சொன்னால் ஔவையார் வாங்க மறுப்பார் என்று எண்ணி, சொல்லாமலே கொடுத்தான். அவனும் ஓர் இரகசியத்தைக் காத்தான். ஆனால் அது தோழியின் உயிரை வளர்க்கும் இரகசியம். இதையே நாங்கள் அளவுகோலாகக் கொண்டோம்: உயிரைக் காக்கும் இரகசியத்தைக் காப்பாற்று, உயிரைப் பறிக்கும் இரகசியத்தை உடைத்துவிடு!

எழுதுவது எளிது. எங்கள் விடுதியில் ஒருத்தி அதைச் செய்தும் காட்டினாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த வாரம் அது. எங்களில் ஒருத்தி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் இரவு தன் உயிர்த்தோழியிடம், "எனக்கு வாழவே பிடிக்கவில்லைடீ. யாரிடமும் சொல்லாதே, என் தலைமேல் சத்தியம்" என்று கையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். தோழி ஒன்றும் பேசவில்லை. எங்களில் இருவரை எழுப்பி அவளருகே உட்காரச் சொல்லிவிட்டு, நேரே சென்று வார்டன் சிஸ்டரின் கதவைத் தட்டினாள். சிஸ்டர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. விடியும்வரை அவள் கட்டிலருகிலேயே இருந்தார். மறுநாள் பெற்றோர் வந்தனர். சேலத்தில் மருத்துவரிடம் காட்டினர். சில வாரங்களில் அவள் திரும்பி வந்தாள், சற்று மெலிந்து, ஆனால் நலமாக.

வந்தவள் தோழியுடன் பேசவில்லை. "சத்தியத்தை மீறிய துரோகி" என்றாள். அரையாண்டுத் தேர்வு முடியும்வரை அந்த மௌனம் நீடித்தது. தோழி அழுதாள், ஆனால் ஒருநாளும் "சொல்லியிருக்கக்கூடாது" என்று அவள் வருந்தியதை நாங்கள் கேட்டதில்லை. "அவள் கோபமாக இருக்கிறாள் என்றால், இருக்கிறாள் என்றுதானே பொருள்" என்பாள். இன்று இருவரும் ஒரே மேசையில் உண்கிறார்கள். பழைய நெருக்கம் முழுதும் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் இந்நிகழ்ச்சியை எழுதச் சொன்னவள், அன்று கோபித்தவளேதான்!

தங்கைகளே, உங்களுக்குச் சில சொற்கள். தோழி இப்படிப் பேசினால் விளையாட்டென்று எண்ணாதீர்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. அவளைத் தனியே விடாதீர்கள். உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண் சிறுவர்களுக்கானது. மனநல உதவிக்கு அரசின் 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. சென்னையில் 1986ஆம் ஆண்டு மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' அமைப்பு இதற்காகவே உழைத்து வருகிறது. அதன் பெயரே நட்பைக் குறிப்பதுதானே! தேர்வில் தோற்றாலும் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம் என்பதையும் நினைவூட்டுங்கள். விடைத்தாளுக்கு மறுபடி உண்டு, உயிருக்கு இல்லை.

பெரியோரிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நடுங்கிக்கொண்டு ஒரு சிறுமி வந்து கதவைத் தட்டினால், முதலில் அவளைக் கடியாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவள் மறுமுறை தட்டமாட்டாள்.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் பாடினார். அவற்றுள் இரண்டு 'தீ நட்பு', 'கூடா நட்பு' என்பன. சிரித்து மகிழ்வதற்காக மட்டும் நட்புக் கொள்வதில்லை. நண்பர் வழி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காகவே நட்பு என்பதும் அவர் தந்த விளக்கம். உடன் சாவதாய்ச் சொல்பவள் அன்று, கோபித்தாலும் பரவாயில்லை என்று கதவைத் தட்டுபவளே தோழி. அத்தகைய தோழி ஒவ்வொருத்திக்கும் வாய்க்கட்டும். ஒவ்வொருத்தியும் அத்தகைய தோழியாகட்டும்!

— பன்னிரண்டாம் வகுப்பு விடுதி மாணவியர்