ஒன்றுபோல் இரு படகுகள்

எங்களுக்கு விலை சொல்லப்பட்ட படகுகள் இரண்டும் 18 அடி நீளம்; இரண்டும் ஃபைபரால் ஆனவை; இரண்டிலும் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு இயந்திரம். எட்ட நின்று நோக்குவோர் இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்வர். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலைச் சேருமுன் அகன்று கிடக்கும் நீர்ப்பரப்பில், பெருநாள் விடுமுறைகளில் குடும்பத்தோடு உலாவி வரவே படகு தேடினோம். உம்மாவும் மூன்று குழந்தைகளும் உட்பட எட்டுப் பேர். நீந்தத் தெரிந்தவர்கள் நானும் மச்சானும் மட்டுமே.

மச்சானின் சிந்தனை இயந்திரத்தையே சுற்றி வந்தது. ஒன்று இரண்டு ஸ்ட்ரோக். எடை குறைவு, பழுது பார்ப்பது எளிது, ஆனால் பெட்ரோலோடு எண்ணெயையும் எரித்துப் புகை கக்கும். மற்றது நான்கு ஸ்ட்ரோக்; சத்தமும் எரிபொருட் செலவும் குறைவு. இந்த ஆராய்ச்சியிலேயே ஒரு மாலைப்பொழுது கழிந்தது. இயந்திரம் பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். படகின் உடலை அவ்வாறு மாற்ற இயலுமா?

உண்மையான வேற்றுமை அடிப்பாகத்தில் இருந்தது. முதற்படகின் அடி கூர்மையானது, அகலமும் குறைவு. அலையை அறுத்துக்கொண்டு ஓடும் அழகே தனி. நிற்கும்போதோ ஒருவர் ஓரத்துக்கு நகர்ந்தாலே சாயும். இரண்டாவது தட்டையடி. அலைமீது தடதடவென அறையும். முதுகுவலிக்காரர்களுக்கு அது இதமன்று. ஆயினும் அகன்ற படகு சாயும்போது, தாழ்ந்த பக்கத்தில் நீரின் தாங்குதல் மிகுந்து அதனை நிமிர்த்தும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. பக்கச்சுவரைத் தாண்டி நீர் புகுந்துவிட்டால், புகுந்த நீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடும்.

குடும்பத்தார் ஏறிய படகில் யாரும் இருந்த இடத்தில் இருப்பதில்லை என்பதை வாசகர்கள் அறிவர். "அதோ கொக்கு!" என்று ஒரு குழந்தை கூவினால் போதும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 உயிர்களைப் பறித்த விபத்தில், விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று தானூரில் கவிழ்ந்தது, மீன்பிடி படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு. மாண்ட 22 பேரில் குழந்தைகள் பலர். ஒரே குடும்பத்தினரும் பலர்.

வழி காட்டியவர் உம்மாதான். "எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பாருங்களேன் வாப்பா" என்றார். இடுப்பளவு நீரில் படகுகளை நிறுத்தி, துறையில் நின்ற இளைஞர் நால்வரையும் சேர்த்து ஆறு பேர் ஓரத்தில் அமர்ந்தோம். முதற்படகின் விளிம்புக்கும் நீருக்கும் நான்கு விரற்கடையே எஞ்சியது. இரண்டாவதில் ஒரு சாணுக்குமேல் இருந்தது. அதன் இருக்கைகளுக்கடியில், நீர் நிறைந்தாலும் மிதக்கச்செய்யும் நுரைப்பொருள் அடைத்து மூடப்பட்டிருந்தது. முதற்படகில் அவ்விடம் சாமான் வைக்கும் வெற்றறை.

தட்டையடிப் படகையே கேட்டோம். மேலே ஒரு தட்டு போட்டால் இன்னும் ஆறு பேர் ஏறலாமென்று விற்பவர் ஆசை காட்டினார். அந்தத் தொகைக்கு எட்டு உயிர்காப்பு அங்கிகள் வாங்கிக்கொண்டோம். குழந்தைகளுக்கு அவரவர் எடைக்கேற்ற சிறு அளவு; பெரியவர் அங்கியை அணிவித்தால், நீரில் அது தலைவழியே கழன்றுவிடும்.

வேகம் போதவில்லையென்று மச்சான் இன்றும் முணுமுணுக்கிறார்.