ஆழியாறு தோப்பில் ஒரு சாக்லேட் கேக்

பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் எனக்கு அப்புறம் பேச்சே வராது. இரண்டு பக்கமும் தென்னை, தென்னை, தென்னைதான். கரூர்ப் பக்கத்து வறண்ட காட்டில் வளர்ந்தவளுக்கு அது கண்ணுக்கு விருந்து. நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போகிறவர்கள் போகட்டும். கோட்டூர் தாண்டி, ஆழியாறு அணைக்கு முன்னாலேயே நான் இறங்கிவிடுவேன். என் மாமியாரின் தங்கை வீடு அங்கேதான். எனக்குச் சின்னத்தை. வயது எழுபதைத் தாண்டியாயிற்று, தோப்பைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறார்.

தோப்புக்குள் போனால் தென்னைக்கு நடுவே குட்டை குட்டையாக இன்னொரு மரம். அதுதான் கோகோ. சாக்லேட் பிறக்கிற மரம்! நம் ஊருக்கு இது புதுசு. 1965-ல் கேட்பரி நிறுவனம் வயநாட்டில் சாகுபடியைத் தொடங்கி வைத்து, அப்புறம்தான் தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராகப் பரவியது. காய் பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்க்கிறது. பறிக்கும்போது கையால் திருகி இழுக்கக் கூடாதாம், கத்தியால் காம்பைத்தான் வெட்ட வேண்டும். கணு பிய்ந்துபோனால் அந்த இடத்தில் மறுபடி பூக்காது. மஞ்சளாகப் பழுத்த காயை உடைத்தால் உள்ளே சீத்தாப்பழம் போல வெள்ளைச் சதை, அதற்குள் முப்பது நாற்பது விதை. சதையைச் சப்பிப் பாருங்கள், புளிப்பும் தித்திப்புமாக அருமையாக இருக்கும். சாக்லேட் வாசனை மட்டும் துளிக்கூட இருக்காது.

அந்த வாசனை வருவதற்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சதையோடு விதைகளைக் கூடையில் குவித்து, வாழை இலை போட்டு மூடி, ஒருநாள் விட்டு ஒருநாள் கிளறி ஆறு நாள் புளிக்க வைக்கிறார்கள். நடுவே கையை விட்டேன், சுடச்சுட இட்லிப் பானைச் சூடு! பிறகு ஒரு வாரம் வெயிலில் காயல். ஊதாவாக இருந்த பருப்பு அப்போதுதான் பழுப்பாகிறது. புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் வெறும் கசப்புத்தான் மிஞ்சும்.

விளைச்சலில் பெரும்பகுதியை வியாபாரிக்குப் போட்டுவிட்டு, இரண்டு படி மட்டும் வீட்டுக்கு எடுத்து வைக்கிறார் சின்னத்தை. அது கேக்குக்கு. இவருடைய அப்பா வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். பங்களா சமையல்காரரிடம் அம்மா கேட்டுத் தெரிந்துகொண்ட கேக் அது. அங்கே வெண்ணெயும் முட்டையும் போட்டுச் செய்ததை, சம்பளத்துக்குத் தக்கபடி எண்ணெயும் புளித்த மோருமாக மாற்றிக்கொண்டாராம். எழுதி வைக்கவில்லை. ஒரே ஒரு பித்தளை டம்ளர்தான் அளவு. அந்த டம்ளர் இன்றும் இருக்கிறது. இருமல் மருந்து பாட்டில் மூடியால் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தேன், சரியாக 200 மில்லி.

சகோதரிகள் குறித்துக்கொள்ளலாம். மைதா ஒன்றரை டம்ளர், சர்க்கரை ஒன்று, கடையில் விற்கும் இனிப்பில்லாத கோகோ பவுடர் கால் டம்ளர், சமையல் சோடா தலை தட்டி ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரை தவிர மற்றதையெல்லாம் இரண்டு முறை சலித்துவிடுங்கள். புளித்த மோர் ஒரு டம்ளர், வாசனையில்லாத எண்ணெய் மூன்றில் ஒரு டம்ளர், சர்க்கரை மூன்றையும் கலக்கி, மாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் கிளறினால் போதும். ரொம்ப நேரம் அடித்தால் கேக் ரப்பராகிவிடும். மோர்ப் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததுமே பொங்க ஆரம்பித்துவிடும். அதனால் அடுப்பை முதலில் தயார் செய்துவிட்டு மாவைக் கலப்பதுதான் முறை.

சின்னத்தை வீட்டில் அவன் கிடையாது. கனமான அலுமினியக் குண்டானில் ஒரு அங்குலத்துக்கு ஆற்று மணல், அதன்மேல் ஒரு பிரிமணை, இறுக்கமான மூடி. பத்து நிமிஷம் காயவிட்டு, நெய் தடவி மைதா தூவிய கிண்ணத்தில் முக்கால் அளவுக்கும் குறைவாக மாவை ஊற்றி உள்ளே வைத்து, சின்னத் தீயில் நாற்பத்தைந்து நிமிஷம். அரை மணிக்கு முன்னால் மூடியைத் தொடவே கூடாது. வெந்துவிட்டதா என்று பார்க்கத் தென்னை ஈர்க்குச்சியைக் குத்தி எடுக்கிறார். ஒட்டாமல் வந்தால் ஆயிற்று.

தோப்புக் கோகோவை வறுத்து, முறத்தில் புடைத்துத் தோல் நீக்கி மிக்ஸியில் போட்டால் பொடியாகாது. பருப்பில் பாதி கொழுப்பு. எள்ளை அரைத்த மாதிரி எண்ணெய் விட்டுக் கூழாகிவிடும். அந்தக் கூழ் கால் டம்ளர் போட்டால் எண்ணெயைக் கால் டம்ளராகக் குறைக்க வேண்டும். கூழை முதலில் வெதுவெதுப்பான எண்ணெயில்தான் கரைக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் திப்பி திப்பியாகத் திரண்டுகொள்ளும். கோகோவில் இரும்புச் சத்து இருப்பது வாஸ்தவம். அதற்காகக் கேக் மருந்தாகிவிடாது. சர்க்கரை வியாதிக்கார சின்னத்தை ஒரு விரல் அகலம்தான் எடுத்துக்கொள்கிறார்.

இந்தத் தடவை போனபோது தோப்பில் வானம் தெரிந்தது. அதுதான் மனதைப் பிசைந்தது. 2016-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பக்கம்தான் சுருள் வெள்ளை ஈயைக் கண்டார்கள். மட்டைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள், அதிலிருந்து சொட்டும் பிசின் கீழே உள்ள கோகோ இலையில் விழுந்து கரி பூசினாற்போலப் பூசணம். அது போதாதென்று வேர் வாடல் நோய் வேறு. அதற்கு மருந்தில்லை. முற்றிய மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். இருநூறு மரத்தில் முப்பத்தெட்டு போய்விட்டது. நிழல் போன இடத்தில் கோகோ இலை கருகித் தொங்குகிறது.

கோயமுத்தூரில் இருக்கும் மகன்கள் தோப்பை விற்றுவிடலாம் என்கிறார்கள். 2024-ல் உலகச் சந்தையில் கோகோ டன் பத்தாயிரம் டாலரைத் தாண்டியபோது, "கொஞ்சம் பொறுங்க" என்றவர்களும் அவர்களேதான். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் கெட்டதால் ஏறிய விலை, பிறகு இறங்கியும்விட்டது.

"ஏனுங்க அத்தை, வித்துப்போட்டுக் கோயமுத்தூரே போயிடலாமில்லீங்க?" என்று கேட்டேன்.

"போலாங் கண்ணு. அங்க போயி எதைக் கிளறிக்கிட்டு உக்கார்றது?" என்றார். வெட்டிய இடங்களில் உடனடி நிழலுக்கு வாழை வைத்திருக்கிறார். அழுகிய வாழைத்தண்டில்தான் கோகோப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் குட்டிப் பூச்சி பெருகுமாம், அதனால் தண்டைக்கூட வெளியே போட விடுவதில்லை. வாழைக்கு நடுவே தென்னங்கன்று முப்பது நட்டாயிற்று. அவை காய்க்க நாலைந்து வருஷமாவது ஆகும்.

ஆடியில் மகன்கள் பேச வருகிறார்கள். அதற்குள் மீதி மரங்களுக்கு நம்பர் போட்டு, எது தேறும், எது தேறாது என்று நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். நூற்று இருபது வரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.