கைடு

பி.ஏ. ஆங்கில இலக்கியத்தை நான் கைடு வைத்துப் படித்துத் தேறியவன். மூலத்தைத் தொடாமலே ஷேக்ஸ்பியர் பற்றிப் பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் பதில் எழுதியிருக்கிறேன். பிற்பாடு மூலங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது அந்தக் கைடுகள் மீது ஏற்பட்ட கோபம், நான் விமர்சனம் எழுத வந்ததற்கு ஒரு காரணம். ஆகவே பிராக் நகரத்தில் மணிக்கு 40 யூரோ என்று பேசி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு கைடை அமர்த்திக்கொண்டது எனக்கே கொஞ்சம் வெட்கமான காரியம்தான். ரூபாயில் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சிற்றேட்டின் ஓரிரு இதழ்களை அச்சிட்டுவிடலாம்.

2024இல், காஃப்கா இறந்து நூறு ஆண்டு ஆன வருஷம், நூரெம்பர்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கிருந்து பிராக் பஸ்ஸில் நாலு மணி நேரம். எனக்குக் கிடைத்தது ஒரு பகல். "தனியாப் போனா கடிகாரத்தையும் பாலத்தையும் பாத்துட்டு வந்துடுவே அண்ணா, யாரையாவது வெச்சுக்கோ" என்றாள். அவள் சொன்னது சரி. 1410ஆம் ஆண்டுக் கடிகாரத்தின் முன் மணி அடிக்கும் நேரத்துக்கு எப்போதும் ஒரு கூட்டம் கழுத்தை அண்ணாந்து நிற்கிறது. காஃப்காவையும் விட்டுவைக்கவில்லை. கோப்பையில், பனியனில், காந்த வில்லையில் அந்தக் காதும் தொப்பியும். 11 மீட்டர் உயரத்தில், 42 அடுக்காக வெட்டப்பட்ட அவருடைய எஃகுத் தலை ஒன்று ஒரு வணிக வளாகத்தின் பக்கத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது.

கைடாக வந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெடிமருந்துக் கோபுரத்தடியில் சந்தித்தோம். என்ன பார்க்க வேண்டும் என்று கேட்காமல், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வங்கியில் குமாஸ்தா என்றேன். விமர்சகன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பின்னதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அப்படியானால் வீடுகளைப் பிறகு பார்க்கலாம். அவை ஓடிப்போகாது" என்று எதிர்த்திசையில் நடந்தார்.

ஐந்து நிமிஷத்தில் நா பொர்ஷீச்சி தெருவில், 7ஆம் எண் கட்டடத்தின் முன் நின்றோம். போஹிமிய ராஜ்யத்தின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம். இப்போது அது ஒரு ஓட்டல். 1908இலிருந்து 1922இல் நோயால் ஓய்வு பெறும்வரை காஃப்கா இங்கேதான் வேலை பார்த்தார்.

எனக்கு அந்தக் கட்டடம் பற்றி ஏற்கெனவே ஒரு தீர்மானம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் ஒரு சிற்றேட்டில் காஃப்கா குறித்துக் கட்டுரை எழுதினேன். அலுவலகம் அவரைத் தின்றது, எழுத்து அதன் மிச்சம் என்பது அதன் சாரம். நண்பர்கள் பாராட்டினார்கள். பாராட்டிய பலரும் ஏதோ ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாக்களாக இருந்தவர்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. அந்த அம்மாளிடம் இந்தச் சாரத்தை என்னுடைய ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அவருக்கு அலுவலகம் எத்தனை மணி வரை தெரியுமா?" என்றார். தெரியும். காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு. "உங்களுக்கு?" ஆறாகும், சில நாள் ஏழு என்றேன். "அப்படியென்றால் புகார் சொல்ல உங்களுக்குத்தான் அதிக உரிமை" என்று சிரித்தார்.

பிறகு அவர் பேசியது மரம் இழைக்கும் யந்திரங்களைப் பற்றி. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், 1910இல், காஃப்கா எழுதிய பகுதி. அக்காலத்து யந்திரங்களில் கத்தி பொருத்திய தண்டு சதுரமானது. சதுரம் சுழலும்போது தண்டுக்கும் மேஜைக்கும் இடையே இடைவெளி விழும். பலகை வழுக்கினால் கை அந்த இடைவெளிக்குள் போகும். எச்சரிக்கையான தொழிலாளிக்கும் இதுதான் கதி. விரல் கணுக் கணுவாக, சமயத்தில் விரல்களே, போய்விடும். உருளைத் தண்டு என்றால் இடைவெளி மிகக் குறைவு, கத்திகள் உள்ளே பதிந்திருக்கும், கை போனாலும் கீறலோடு தப்பிக்கலாம். இதைப் படங்கள் போட்டு விளக்கியதோடு, முதலாளிகளுக்கு அது செலவும் குறைவு என்று கணக்குக் காட்டியிருக்கிறார். தொழிற்சாலைகளை அபாயத்தின் அளவுப்படி வகை பிரிப்பது, கட்டணத்தைக் குறைக்கக் கேட்கும் முதலாளிகளின் மேல்முறையீடுகளுக்குப் பதில் எழுதுவது, வட போஹிமியாவின் ஆலைகளுக்கு நேரில் போவது எல்லாம் அவர் வேலை. முதல் உலகப் போரில் அவரைப் படைக்கு அனுப்பாமல், இவர் இல்லாமல் முடியாது என்று கேட்டு வைத்துக்கொண்டது அந்த நிறுவனம்தான். 1918இல் ராஜ்யம் போய்க் குடியரசு வந்து, அலுவலக மொழி ஜெர்மனிலிருந்து செக்குக்கு மாறியபோதும் வேலையில் நீடித்தார்.

இந்த எழுத்துகள் பிரசுரமாகியிருக்கின்றன, ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன என்பது எனக்குத் தெரியும். படித்ததில்லை. இலக்கியம் அல்ல என்று ஒதுக்கியிருந்தேன். ஒரு கைடு எனக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலை.

ஆனால் நான் அந்த வாசலில் சற்று நேரம் பேசாமல் நின்றது அதனால் அல்ல. என் கட்டுரையின் புரூஃப் மேஜை டிராயரில் இருந்த அந்த வாரத்தில், சா மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் முதியோர் உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க வந்தார். கைநாட்டு. படிவத்தில் இடது கட்டைவிரல் ரேகை என்று போட்டிருந்தது. அவருக்கு இடது கட்டைவிரல் இல்லை. வலது கையை நீட்டினார். டாக்டரிடம் சான்று வாங்கி வாருங்கள் என்று அனுப்பிவிட்டு டிராயரை இழுத்து ஒரு வாக்கியத்தைத் திருத்தினேன். சான்றுக்காக அவர் பஸ் ஏறி ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே டாக்டர் இல்லாமல் திரும்பினார். மறுபடியும் வந்தார், மறுபடியும் அனுப்பினேன். மூன்றாம் முறை நான் விடுப்பில் இருந்தேன். பக்கத்து ஸீட்டுக்காரர் வலது கட்டைவிரலை மையில் ஒற்றி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். விதி அதுதான். எனக்கும் தெரிந்த விதி.

ஒரு சிறுகதையில் இந்தப் பொருத்தம் வந்திருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று நானே குறை சொல்லியிருப்பேன். மர ஆலைகள் உள்ள ஊர்களில் விரல் இழந்தவர்கள் இருப்பார்கள், அவ்வளவுதான். பொருத்தம் இல்லை, தொழில்.

அலுவலகம் காஃப்காவுக்குச் சுமையாக இருந்தது பொய்யில்லை. டைரிகளிலும் கடிதங்களிலும் அது நிறைய இருக்கிறது. 1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து விடியும்வரை 'தீர்ப்பு' கதையை எழுதி முடித்தவர், காலையில் உடம்புக்கு முடியவில்லை என்று மேலதிகாரிக்குச் சீட்டு அனுப்பினார். நாம் எல்லோரும் அனுப்பும் சீட்டுதான். ஆனால் தன் கசப்பை அவர் டைரியில் எழுதினார். விரல் போனவனின் ஃபைலில் அதைக் காட்டவில்லை. இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. என் கட்டுரை இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அலுவலகத்தை வெறுப்பதே எழுத்தாளனுக்குத் தகுதி என்பது நம் வட்டத்தில் எழுதாத விதி. அந்த வெறுப்புக்குக் கவுண்டரின் அந்தப் பக்கம் நிற்பவர் விலை கொடுக்கிறார் என்று நம் பத்திரிகைகளில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. நானும் எழுதவில்லை.

அதன்பின் வீடுகளைப் பார்த்தோம். பிறந்த வீடு 1897இல் எரிந்துபோய் வாயில் வளைவு மட்டும் மிஞ்சியது. சதுக்கத்தில் அவர் பள்ளி இருந்த கின்ஸ்கி மாளிகை, அதே கட்டடத்தில் பின்னாளில் அப்பாவின் கடை. பிள்ளைப் பிராயத்தில் குடியிருந்த, சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய வீடு. எல்லாம் பத்து நிமிஷ நடைக்குள். நடந்துகொண்டே அந்த அம்மாள் தன்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். 1989க்கு முன் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் கணக்கு எழுதியவர். பள்ளியில் காஃப்காவைப் படித்ததில்லை. 1963இல் லிப்லிட்ஸெயில் நடந்த மாநாடு காஃப்காவுக்கு இந்த நாட்டில் கதவைத் திறந்தது. 1968 ஆகஸ்டில் டாங்கிகள் வந்தபின் அது மறுபடி சாத்திக்கொண்டது. அவர் முதலில் படித்தது 'கோட்டை'. "பயமாக இருந்ததா?" என்று கேட்டேன். "இல்லை. எங்கள் அலுவலகம் ஞாபகம் வந்தது. கே. நில அளவைக்காரன்தானே, அவனுக்கு ஒரே ஒரு நாள் வேலை கொடுத்திருந்தால் என்ன என்று தோன்றியது" என்றார். நான் படித்த காஃப்கா விமர்சனங்களில் இவ்வளவு எளிமையான கேள்வி எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

கடைசி முக்கால் மணி நேரத்தில் மெட்ரோ பிடித்து ஜெலிவ்ஸ்கேஹோ நிலையத்தில் இறங்கி, புதிய யூதக் கல்லறைக்குப் போனோம். அப்பா, அம்மா, மகன் மூவருக்கும் ஒரே கல். கீழே ஒரு பலகையில் எல்லி, வல்லி, ஓட்லா என்ற மூன்று தங்கைகளின் பெயர். மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். ஓட்லா 1943இல் ஒரு குழந்தைகள் கூட்டத்துக்குத் துணையாக ஆஷ்விட்ஸுக்குப் போனவள். வந்தவர்கள் வைத்த கூழாங்கற்களும் பேனாக்களும் கல்லடியில் கிடந்தன. என் சட்டைப் பையிலும் பேனா இருந்தது. வங்கியின் பெயர் பொறித்தது. வைக்கவில்லை. ஒரு சின்னக் கல்லை எடுத்து வைத்தேன்.

மூன்று மணி நேரம் முடிந்து பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது. கூடுதலாகக் கொடுக்கப் போனபோது அந்த அம்மாள் வாங்கவில்லை. பேசிய தொகைக்கு ரசீது எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அழகான, நிதானமான கையெழுத்து.

ஊர் திரும்பிப் பழைய கட்டுரையை எடுத்துப் படித்தேன். நடை மோசமில்லை. புத்தகத்தில் சேர்க்க நண்பர் கேட்டிருந்தார், வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அந்தப் பெரியவரின் கணக்கையும் கணினியில் தேடினேன். 2019க்குப் பிறகு அதில் வரவு செலவு எதுவும் இல்லை.